குடிலில் கேட்ட அழுகை

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் கழுதையின் சோகத்தைக் கேட்டுவிடுவோம்.

அது மாதா கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கும் மண் கழுதை. "பாலன் பிறந்ததெல்லாம் வெறும் கதை, மைனா. மனசே ஒட்டலை. என்னைப் பெட்டியிலேயே விட்டிருக்கலாம்," என்று என்னிடம் புலம்பியது.

மணியடிக்கும் கோயில்பிள்ளையின் இருமல் முதல் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரின் குறட்டை வரை எல்லாக் குரலும் எனக்கு அத்துப்படி. வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி வீறிட்டு அழுதேன்.

கழுதை பதறிப்போய், குடிலுக்காக வளர்த்த கேழ்வரகு முளைகளை மிதித்துக்கொண்டு ஓடி, மண் பாலன்மேல் மூச்சுவிட்டது. "குளிருதா ராசா? நான் இருக்கேன்."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். கழுதை திரும்பிப் பார்த்தது.

"அழுதது நீதானாடா?"

"நானேதான்."

திட்டப்போகிறது என்று சிறகை விரித்தேன். அது பாலனை விட்டு நகரவே இல்லை.

"நீ நல்லா இருக்கணும்டா," என்றது. "ஆனா மெதுவா சிரி. பிள்ளை இப்பத்தான் தூங்குது."