பாய் கட்டி வாறம்

“எஞ்சின் நிண்டுட்டு. பயப்படாத, பாய் கட்டி வாறம்” என்று நடுக்கடலிலிருந்து சொன்ன நௌசாத்தின் போன் அதோடு அணைந்துபோனது.

அவன் மனைவி ஆகிலா சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு ஓடினாள். அங்கே அவளுடைய அண்ணன் லாபிர் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்ப வந்து சேருவாங்க காக்கா?”

“அந்த போட்டுல பாய் ஏது புள்ள? நாலு பேரும் சாக்குக் கீக்கு ஏதாவது கட்டியிருப்பாங்க. மெள்ளத்தான் வரும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் புறகுதான்.”

வெயில் தாழுமுன், அசர் பாங்கு கேட்கும்போதே போட் தெரிந்தது. கட்டம் போட்ட பெரிய பாய் ஒன்று காற்றில் புடைத்து நின்றது.

“இவ்வளவு பெரிய பாய்க்கு எங்க போனானுகள்?” என்றார் லாபிர்.

கரைக்குக் கிட்ட வந்ததும் நங்கூரம் போட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் குனிந்தே இருந்தார்கள்.

“ஆருக்கும் காயமா?” என்று அலைக்குள் இறங்கிக் கேட்டாள் ஆகிலா.

“இல்ல, அல்லாஹ் காப்பாத்திட்டான்” என்று கத்தினான் நௌசாத். “மச்சான், பொண்டுகள அங்கால அனுப்பிட்டு இடுப்புல உடுக்க நாலு சாறன் கொண்டு வாங்க. எங்கட நாலும் பாயில கிடக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆகிலா சிரித்தாள், அழுதாள். பிறகு, பெருநாளைக்கென்று ஒளித்து வைத்திருந்த புதுச் சாறனை எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.