ஆறாவது கோடு

ஐந்தாவது தடவையாக அந்தப் பெரியவருக்கு வழி தெரியாமல் போனது.

"பிசியோதெரபிக்கு எப்படிம்மா போகணும்?" என்று கேட்டுக்கொண்டே அவளுடைய பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் மூக்குக்கு நேரே, எதிர்ச்சுவரில், அவள் வரைந்த அம்புக்குறி அதே பிசியோதெரபியைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வழியைச் சொன்னாள். நோட்டைத் திறந்து ஐந்தாவது கோட்டைப் போட்டாள்.

கிராஃபிக் டிசைன் முதுகலையில் அவளுக்கு இது கடைசி செமஸ்டர். இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்வதுதான் ப்ராஜெக்ட். செய்து மாட்டினால் மட்டும் போதாது. பத்து நாள் எதிரே உட்கார்ந்து, பலகை வேலை செய்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

சட்டம் போட்டவர் பேராசிரியர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே, வழி கேட்டால் மட்டும் பதில் சொல்லிவிட்டு ஒரு கோடு போடு என்றார் ஸ்கேல். ஐந்து கோடு வரை பொறுத்துக்கொள்வாராம். ஆறாவது விழுந்தால் பலகை தேறவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து, இன்னொரு செமஸ்டர்.

அவள் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதல் நாள் இதே பெரியவர் எந்த ஊர், யாரைப் பார்க்க வந்திருக்கிறாய் என்று விசாரித்தபோதுகூட, வழி கேட்டால்தான் பேசலாம் ஐயா, காலேஜ் சட்டம் என்று சொல்லி வாயைப் பூட்டிக்கொண்டாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பிடித்தது சனி. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பலகையைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். மனைவிக்குச் சிகிச்சை உள்ள நாட்களில் வரும் இந்த ஒரு மனிதர் மட்டும் நான்கு மணிக்கு வந்து நிற்பார். எழுத்தைப் பெரிதாக்கினாள், அம்புக்குறியை மஞ்சளாக்கினாள், பலகையை ஒரு சாண் கீழே இறக்கினாள். மனிதர் அசரவில்லை.

மறதிக்காரராக இருக்குமோ என்றும் நினைத்தாள். ஆனால் அந்தச் சாக்கு ஸ்கேலிடம் எடுபடாது. மறதிக்காரருக்கும் சேர்த்துத்தானே பலகை என்பார்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான்கு மணி ஆனால் அவள் கண் வாசலைத்தான் தேடியது. வழி சொல்ல அரை நிமிடம் போதும். அவர் எந்தப் பக்கம் திரும்பணும், லிஃப்ட் உண்டா, படி எத்தனை என்று இழுப்பார். அவளும் ஐந்து நிமிடம் சொல்லுவாள். அன்றைய பொழுதுக்கு அவள் வாயிலிருந்து வந்த பேச்சு மொத்தமும் அதுதான்.

வகுப்பில் இருந்த பதினான்கு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு திரையில் மூழ்கிக் கிடப்பார்கள். அறைத்தோழி படிப்பை விட்டுப் போனதிலிருந்து பக்கத்துக் கட்டிலில் காகிதச் சுருள்கள்தான் படுத்திருந்தன. பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், நிறைய பேர் இருக்காங்கம்மா என்று கூசாமல் பொய் சொல்லி வந்தாள். போனை வைத்த பிறகு அறை இன்னும் பெரிதாகிவிடும்.

பத்தாம் நாள், மணி நான்கு. இன்று மட்டும் அவர் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வராமல் போனால் என்ன செய்வது என்றும் மனசு அடித்துக்கொண்டது.

வந்தார். காதில் போன். மகளிடம் பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"உள்ள வந்ததும் மருந்து கவுண்டரைத் தாண்டி இடது பக்கம் திரும்பு. நீலப் பலகையில மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வந்துடலாம், அம்மா உள்ளதான் இருக்கா."

போனைச் சட்டைப் பையில் போட்டார். நேராகப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்.

"பிசியோதெரபிக்கு எப்படிம்மா போகணும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தையும் மறந்தாள், ஸ்கேலையும் மறந்தாள்.

"வழி தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ஐயா திரும்பத் திரும்பக் கேட்டீங்க? நீங்க கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கோடு. இன்னைக்கோட நான் ஃபெயில். நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கோட்டைப் பற்றியெல்லாம் தனக்குத் தெரியாது என்றும், வேண்டுமானால் காலேஜுக்கே வந்து உன் வாத்தியாரிடம் சொல்கிறேன் என்றும் தடுமாறினார். பலகையில் ஒரு குறையும் இல்லையாம், முதல் நாளே அதைப் பார்த்துத்தான் போனாராம்.

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"நாள் பூரா ஒத்தையா உட்கார்ந்திருந்தியே, அதான்மா."