வாயத் தொறந்து சொல்லு

“எம்பொண்ணு பல்ல எவன் புடுங்குனது?”

தலைமையாசிரியர் அறைக்குள் வந்த பச்சமுத்து உட்காரவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி குடித்த வாடை இன்னும் போகாத சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் கவிழ்த்தான். ரத்தம் காய்ந்த பல் ஒன்று, நீள வேரோடு உருண்டு வந்து செலினா டீச்சரின் கைக்குப் பக்கத்தில் நின்றது.

செலினா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நேற்றுதான் பள்ளியில் பல் மருத்துவ முகாம். பெற்றவர்கள் சம்மதக் கையெழுத்துப் போடாத பிள்ளையின் வாயில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. இரண்டாம் வகுப்புக்கு அவள்தான் பொறுப்பு. தற்காலிக ஆசிரியை வேறு. ஒரு புகார் போதும், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துக்காக இந்த ஆளின் வீட்டுக்கு நடையாய் நடந்தவள் அவள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் அவிந்து போகுமாம். அப்படிச் சொல்லி அவள் கண்ணெதிரிலேயே தாளைக் கிழித்து அடுப்பில் போட்டான், மகராசன்.

அவன் மனைவி அம்சவள்ளி அன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அதே கதைதான். மகள் தனுஷாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி கதவோரம் நிற்கிறாள். பெரிய துக்கம் நடந்துவிட்ட மாதிரி இவளுக்கு ஒரு நடிப்பு என்று செலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெடிஞ்சு எழுந்து பாத்தா பாய்க்குப் பக்கத்துல கெடக்குது. இன்னாடி இதுன்னு கேட்டா, பள்ளிக்கூடத்துல புடுங்கிப் பாப்பா கையிலயே குடுத்துட்டாங்கன்றா இவ,” என்றான் பச்சமுத்து. “என்னக் கேக்காம எவன் கைய வெச்சான்? அத மட்டும் சொல்லுங்க.”

தலைமையாசிரியர் ஆரோக்கியதாஸ் தனுஷாவை அருகே அழைத்து வாயைக் காட்டச் சொன்னார். மேல்வரிசையில் நட்டநடுவே ஓர் ஓட்டை. இரண்டாம் வகுப்பில் முன்பல் முழுசாக உள்ள பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஓட்டை போன வாரமே இருந்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் செலினாவுக்கு நினைவு வரவில்லை.

டாக்டர்தான் பல்லை எடுத்தாரா என்று அவர் கேட்டார். தனுஷா முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“பாப்பா, பொய் சொல்லாத,” என்று செலினா பதறினாள்.

“எம்பொண்ணு பொய் சொல்றாளா?” பச்சமுத்து மேசையில் ஓங்கி அடித்தான். பல் துள்ளி மேசைமேலேயே விழுந்தது. “தோ பாரு டீச்சரம்மா, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவேன். உன் வேலையத் தொலைக்காம வூட்டுக்குப் போக மாட்டேன்.”

ஆரோக்கியதாஸ் டாக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார். முகாம் இன்றைக்கு வெள்ளிமலையில். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் தன் தலை தப்பினால் போதும் என்று நினைக்கிறவர். நேற்று முழுக்க வரிசையை விட்டு நகராமல் இருந்தாயா என்று செலினாவைக் கேட்டார்.

இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். நடுவில் டாக்டர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. அந்தக் கும்பலில் தனுஷாவும் புகுந்திருந்தால்? கடவுளே, எடுத்தேதான் இருப்பார்களோ?

அந்தத் தயக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். தன் கவனக்குறைவால் நடந்தது, தானே வேலையை விட்டு விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் பிரச்சினை இங்கேயே முடியும் என்றார். பச்சமுத்து கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

எத்தனை பேரிடம் கெஞ்சி வாங்கிய வேலை. செலினாவுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் குடிகாரன்மேல்கூட அவ்வளவு இல்லை. கல்லுமாதிரி நிற்கிறாளே ஒருத்தி, அவள்மேல்தான். பேனாவைத் திறந்தாள். ‘ஐயா’ என்று எழுதினாள்.

பச்சமுத்துவுக்கு அதுவும் போதவில்லை. மனைவி பக்கம் திரும்பினான்.

“நீ இன்னாடி, மரமாட்டம் நின்னுக்கினு? யார் புடுங்குனதுன்னு நீயும் வாயத் தொறந்து சொல்லு.”

அம்சவள்ளி, செலினா எழுதும் கையைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்தாள். கிடந்த பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக, வீங்கிய வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“எழுதாதீங்க டீச்சர். இது எம்பல்லு. என்னயுந்தான் யாரும் கேக்கல.”