சோதனை நாள் குளியல்

குற்றாலத்தில் வேன் நின்றதும் சந்தனமாரி கடைசி ஆளாக இறங்கினாள். சாரல் அடித்தது, அருவியில் தண்ணீர் அள்ளிக் கொட்டியது. அவளோ வேன் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“ஏட்டி, என்ன மரம் மாதிரி நிக்கே? முதலாளி செலவுல குளிக்க கசக்குதோ?” என்றான் மேஸ்திரி இசக்கியப்பன்.

செங்கல் சூளை முதலாளிக்கு அத்தனை நல்ல மனசெல்லாம் கிடையாது. மூன்று வருடமாக ஒருத்தரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. கொத்தடிமை இருக்கிறதா என்று அதிகாரிகள் சோதனைக்கு வரும் சேதி காதில் விழுந்தால் மட்டும், ஆட்களை வேனில் அள்ளிப் போட்டு அருவிக்கு அனுப்பிவிடுவார். வந்தவர்கள் காலிச் சூளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். போன சீசனிலும் இதே கூத்துதான்.

இந்த முறை புகார் சொன்னதே சந்தனமாரிதான். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் போனை இரவல் வாங்கி, அதிகாரிகளிடம் திருட்டுத்தனமாகப் பேசியிருந்தாள்.

“எவளோ போட்டுக் குடுத்திருக்கா. சாயங்காலம் முதலாளி விசாரிப்பாரு,” இசக்கியப்பன் அவளையே பார்த்தான். “உன் மவ வேன்லயே இருக்கட்டும். நீ போய்க் குளிச்சிட்டு வா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். சோதனை வரும் சேதியை முதலாளியிடம் சொன்னவர்கள் அவள் பெயரைச் சொல்லாமலா இருப்பார்கள்?

பெண்கள் குளிக்கும் பக்கம் ஆண்கள் வரக்கூடாது. இசக்கியப்பன் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். அருவி ஓரம் நின்ற ஒரு பெண் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தாள். அந்தப் பெண் தலையில் எண்ணெய் வைத்திருக்கவில்லை, துண்டும் கொண்டுவந்திருக்கவில்லை.

“ஏம்மா அழுத?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் உடைந்துபோனாள். “அக்கா, சாயங்காலம் என்னைக் கொன்னே போடுவாவ. எம்புள்ள வேன்ல கெடக்கா. சோதனைக்கு வாறத ஆபீஸ்ல யாரோ காட்டிக் குடுத்துட்டாவ. அங்கன வந்து பாத்துட்டு, யாருமே இல்லன்னு போயிருப்பாவ!”

“அங்கன யாரும் போகல.” அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்து வேன் பக்கம் திருப்பினாள்.

இசக்கியப்பனின் சட்டைக் காலர் ஒரு போலீஸ்காரர் கையில் இருந்தது. மகள் ஒரு பெண் போலீஸின் இடுப்பில் இருந்தாள்.

“அதிகாரிக நாங்க சூளைக்கு வந்தா கேட்டைப் பூட்டிட்டு உங்களை ஒளிச்சு வச்சிருவாவ. அதான், முதலாளியே உங்களை வெளிய கூட்டிட்டு வரட்டும்னு...”

“அப்போ சேதிய முதலாளிகிட்ட சொன்னது யாருக்கா?”

“நாங்கதாம்மா!”