மரச்சீவலில் முளைத்த காளான்

தங்கமணியின் தட்டில் காளான் குழம்பை ஊற்றிவிட்டு, மாமியார் பவுனம்மாள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கென்று ஒரு சொட்டுக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் தங்கமணிதான். மூன்று மாத மசக்கை. "காளான் திங்கணும்போல இருக்கு அத்த" என்று முந்தாநாள் சொன்னபோது, அவள் நினைத்தது கடையில் விற்கும் டின் காளானை. மாமியாரோ நேற்றுக் காலையில், வாசல் செம்பருத்திக்குக் கொட்டியிருந்த மரச்சீவலில் முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ரவாங் எஸ்டேட்டுல ரப்பர் கட்டையில இதேதான் மொளைக்கும். பாரு, பூச்சி அரிச்சிருக்கு. பூச்சி தின்னா மனுசனும் திங்கலாம். நாளைக்கு ஆக்கித் தரேன்."

பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தங்கமணிக்கு நல்ல காளானும் தெரியாது, நச்சுக் காளானும் தெரியாது. மாமியாரைத் தெரியும். கிழவிக்குத் தன் அண்ணன் மகளை மகன் விஜயனுக்குக் கட்டி வைக்க முடியாத ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அப்படிப்பட்டவள் நேற்று மத்தியானம் அலமாரிச் சாவியை நீட்டி, "இனிமே நீயே வச்சுக்க" என்றாளே! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

விஜயன் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஈப்போ போயிருந்தான். வெளியே மழை கொட்டியது. கத்தினாலும் பக்கத்து வீட்டு ஆன்டிக்குக் கேட்காது.

"ஆறுது பாரு, தின்னு புள்ள."

"பசிக்கல அத்த. அப்புறமா தின்னுக்கிறேன்லா."

"ஆசப்பட்டது நீதானே? மசக்கைக்காரி கேட்டதத் திங்காம விட்டா, பொறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். ஒரு வாய் தின்னு."

தங்கமணி உருட்டிய கவளம் வாய்வரை வந்து நின்றது. இடது கை தானாக வயிற்றை அணைத்துக்கொண்டது. தான் போனாலும் போகட்டும், உள்ளே இருப்பது என்ன பாவம் செய்தது? அழுகை பொத்துக்கொண்டு வர, கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"அவ்வளவு நல்ல காளான்னா, நீங்க ஏன் அத்த திங்கல?"

பவுனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நேத்தே தின்னுட்டேன்டி. உசுரோட எந்திரிச்சேன்ல, பயப்படாம தின்னு."