எட்டாவது பிறவி

ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் சமணர் அப்பாண்டைராஜ் சாயங்காலம் கதை சொன்னால், பக்கத்து வீட்டு வேம்புலி வாய் பிளந்து கேட்பான்.

"அந்த வணிகன் செத்து எலியாப் பொறந்தான். மீதி நாளைக்கு வேம்புலி, பசிக்குது."

"எலி செத்து இன்னாவா பொறந்துச்சி அண்ணாத்தே? சொல்லலன்னா தூக்கமே வராது!"

நெகிழ்ந்துபோனவர் எலியைப் பூனையாக்கி, பூனையை நரியாக்கி, ஏழு பிறவியையும் முடித்து நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது.

"பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல. இன்னிக்கும் சுட்டு வெச்ச அடைய நீயே எடுத்துட்டுப் போப்பா."

வீட்டில் அவன் மனைவி நாகவல்லி நெய் அடையைப் பிட்டபடி கேட்டாள்:

"கதையில இன்னா நீதி?"

"அடுத்தவன் சோத்தத் துன்னா எலியாப் பொறப்பியாம்" என்றபடி வேம்புலி மூன்றாவது அடையை எடுத்தான். "நாளிக்கு வடையாம். எட்டாவது பிறவி இருக்குதான்னு கேக்கணும்."