தேடுசொல்

புள்ளியை அழித்துவிட்டுத் தேடுசொற்களைத் தட்டினாள். அடுத்த ஆய்வேட்டைத் திறந்தாள்.

காலையிலிருந்து இதே வேலை.

பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆறாயிரம் ஆய்வேடுகள் கிடக்கின்றன. பத்து வருடம் முன்பு ஏற்றியதில் பாதி அவள் கைபட்டது. தேடுசொல் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடம்பிடிக்கும். ஒரு புள்ளி வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். எல்லோரும் புள்ளிதான் வைத்தார்கள். ஒரு நாளைக்கு நூறு ஏற்றியாக வேண்டும், இதில் யார் உட்கார்ந்து படிப்பது?

தலைப்பும் அந்த லட்சணம்தான். அட்டையில் முதல் வரி எதுவோ அது. 'முனைவர் பட்டத்திற்காக அளிக்கப்படும் ஆய்வேடு.' இதே தலைப்பில் மூவாயிரம்.

"கவர்மெண்ட் பணத்துல பண்ணின ஆராய்ச்சிம்மா. ஜனங்க தேடினா கிடைக்க வேணாமா?" என்றார் புதிதாக வந்த நூலகர் அருள்தாஸ்.

நியாயம்தான்.

திறந்த ஆய்வேட்டின் உள்பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயர்.

புளியங்கரடு.

அவள் கல்யாணமாகிப் போன ஊர்.

ஊராட்சி ஆழ்துளைக் கிணறு, கோயில்மேடு. நீரில் காட்மியம், இருக்கலாம் என்ற அளவைப்போல ஏழு மடங்கு. சிறுநீரகம் கெடும். குடிக்கக் கூடாது.

அவள் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். இன்று காலையும் வந்தது.

கீழே, ஏற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் தேதி. அன்றைக்கு அவள் கணவன் அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். இப்போது மூன்று வருடமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வரவில்லை.

கட்டத்தில் ஊர்ப்பெயரைத் தட்டினாள். குடிநீர். காட்மியம். சிறுநீரகம். சேமித்தாள்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடம் லீவு. எடுத்தது மகள் நிவாஷினி.

சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். அம்மா தினமும் இந்த நேரத்துக்கு எதற்குக் கூப்பிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"தண்ணி குடிச்சிட்டேம்மா. அப்பா மாதிரி கிட்னி கெட்டுடக் கூடாதுன்னு நீ சொன்னதைவிட ஜாஸ்தியாவே குடிச்சிருக்கேன். இது நாலாவது பாட்டில்."